ரிசப்ஷன் வரை நிற்குமா மேக்கப்?

பழவேற்காட்டில், வைகாசியில், அக்கா மகள் கல்யாணம். எனக்கு எண்ணெய் வழியும் முகம். வீட்டில் மேக்கப் போட்டுக்கொண்டு கிளம்பினால், போய் இறங்குவதற்குள் மூக்கும் நெற்றியும் மினுமினுக்கின்றன. ராத்திரி ரிசப்ஷன் வரை நிற்க என்ன வழி?
– வாசகி, அனுப்பம்பட்டு

முதல் வழி, மண்டபத்தில் போய் மேக்கப் போடுவது! வழியில் வெயிலிலும் வியர்வையிலும்தான் பாதி கரைகிறது.

ஜெல் ஃபேஸ்வாஷால் ஒருமுறை மட்டும் முகம் கழுவி, எண்ணெய் இல்லாத ஜெல் மாய்ஸ்சரைசரை மெல்லியதாகத் தடவுங்கள். 'எனக்கு மாய்ஸ்சரைசரா?' என்று முறைக்க வேண்டாம். காய்ந்த தோலில் ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும்.

பலரும் கோட்டை விடுவது ப்ரைமரில். நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும் போதும். டப்பாவின் பின்னால் பாருங்கள்: டைமெத்திகோன் முன்வரிசையில் இருந்தால் அது சிலிகோன் ப்ரைமர். அதற்கு சிலிகோன் சேர்ந்த மேட் ஃபவுண்டேஷன்தான் பொருத்தம். தண்ணீர் சார்ந்ததைப் பூசினால், பந்தியில் பாயசம் வருவதற்குள் பிரிந்துவிடலாம். ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அதன்மேல் பவுடரைத் தேய்க்காமல் பஃபால் அழுத்துங்கள். கடைசியில் செட்டிங் ஸ்ப்ரே. ஏரிக்கரை ஈரக்காற்றுக்கு மையும் மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃப்தான்.

நடுவில் மினுமினுத்தால் முதலில் பிளாட்டிங் பேப்பரால் எண்ணெயை ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் பவுடர் போட்டால் பிசைந்த மாவுதான்.

இரவில் மேக்கப்பைக் கலைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், உங்கள் சருமத்துக்குப் பரு வரலாம். மைசெல்லர் வாட்டரால் துடைத்து, முகம் கழுவிவிட்டுத் தூங்குங்கள்.