குழந்தையைத் தத்து கொடுக்க எண்ணும் தாய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எதிர்பாராமல் கருவுற்ற ஒரு பெண், பிறக்கவிருக்கும் குழந்தையைத் தம்மால் வளர்க்க இயலுமா என்று கலங்கும் நாட்களில், அவருக்குக் கிடைக்கும் தகவல்களுள் பெரும்பகுதி உறவினரின் அச்சத்திலிருந்தும் ஊர்ப்பேச்சிலிருந்தும் வந்தவையாகவே இருக்கின்றன. இந்தியாவில் குழந்தையைத் தத்து கொடுப்பதற்கான நடைமுறையை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டமும், அதன்கீழ் வகுக்கப்பட்ட 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் தெளிவாக வரையறுத்துள்ளன. ஆயினும், அந்த நடைமுறையை அறியாததாலேயே பல தாய்மார்கள் அவசரத்திலோ அச்சத்திலோ முடிவெடுக்க நேர்வதால், பரவலாக நிலவும் சில நம்பிக்கைகளைச் சட்டத்தின் துணைகொண்டு சரிபார்ப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை 1: குழந்தையைத் தத்து கொடுப்பதும் கைவிடுவதும் ஒன்றே, இரண்டும் குற்றம்.

உண்மை: சட்டம் இவ்விரண்டையும் தெளிவாக வேறுபடுத்துகிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முற்றாகக் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 93ஆம் பிரிவின்கீழ் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். ஆனால், தம் கட்டுப்பாட்டை மீறிய உடல், மனம் அல்லது சமூகச் சூழல் காரணமாகக் குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர், அக்குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவந்து முறைப்படி ஒப்படைப்பதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடமளிக்கிறது. குழந்தைகள் நலக் குழு என்பது, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் குறித்து முடிவெடுப்பதற்காக மாவட்டந்தோறும் அமைக்கப்படும், ஒரு தலைவரையும் நான்கு உறுப்பினர்களையும் கொண்ட அமைப்பாகும். அதில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கவேண்டும்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் நோக்கத்துடன் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், குழந்தையை உயிருடன் காக்க ஒரு வழியைத் திறந்தது. எனினும், பெயர் சொல்லாமல் தொட்டிலில் விட்டுச் செல்லப்படும் குழந்தையோடு தாயின் உடல்நல வரலாறோ குழந்தை பிறந்த நாளோ செல்வதில்லை. அந்த விவரங்கள் குழந்தையின் வாழ்நாள் முழுவதற்கும் தேவைப்படுபவை. குழுவின் முன் ஒப்படைக்கும் தாய் அவற்றைப் பதிவு செய்ய முடியும்.

நம்பிக்கை 2: கருவுற்றிருக்கும்போது வாக்குக் கொடுத்துவிட்டாலோ, பிறந்தபின் கையெழுத்திட்டுவிட்டாலோ, மனம் மாற வழியில்லை.

உண்மை: குழந்தை பிறந்து, அதைக் குழுவின் முன் கொண்டுவந்த பின்னரே ஒப்படைப்பு நிகழ முடியும் என்பதால், கருவுற்ற காலத்தில் மருத்துவமனையிடமோ உறவினரிடமோ குழந்தை வேண்டிக் காத்திருக்கும் தம்பதியிடமோ கொடுத்த எந்த வாக்கும் தாயைக் கட்டுப்படுத்தாது. ஒப்படைப்பை ஏற்கும் முன், குழு உரிய விசாரணை நடத்தி, தாய்க்கு மனநல ஆலோசனை வழங்கி, குழந்தையைத் தாமே வளர்ப்பதற்கான வாய்ப்புகளை அவருடன் சேர்ந்து ஆராயவேண்டும். அதன் பின்னரும் தாய் உறுதியாக இருந்தால் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படுகிறது. அப்போதும் மறுபரிசீலனைக்காக இரண்டு மாத அவகாசம் அளிக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் தாய் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். அவகாசம் முடிந்தபின் குழந்தை ‘சட்டப்படி தத்துக்குரியது’ என அறிவிக்கப்படுகிறது; மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டால் முடிவு நிரந்தரமாகிறது. ஆகவே, முதல் இரண்டு மாதங்கள் சட்டம் தாய்க்கு வழங்கும் உண்மையான சிந்தனைக் காலம் என்பதை அவரும் அவரைச் சூழ்ந்தவர்களும் உணர்ந்திருக்கவேண்டும்.

நம்பிக்கை 3: திருமணமாகாத தாய், குழந்தையின் தந்தை யார் என்று வெளிப்படுத்தினால்தான் எதுவும் நடக்கும்.

உண்மை: திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தையைத் தாய் மட்டுமே ஒப்படைக்கலாம், அவர் திருமணமாகாதவராக இருப்பின், இயன்றவரை குழுவின் பெண் உறுப்பினர் ஒருவரின் முன்னிலையிலேயே பத்திரம் எழுதப்படவேண்டும் என்று விதி கூறுகிறது. மாறாக, கணவன் மனைவிக்குப் பிறந்த குழந்தையாயின் இருவரும் கையெழுத்திடவேண்டும். குழந்தையைத் தாமே வளர்க்க முடிவு செய்யும் திருமணமாகாத தாய்க்கும் சட்டத்தின் துணை உண்டு: 2015இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய தாய் தந்தையின் பெயரைக் கூறாமலேயே குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம் என்றும், உறுதிமொழிப் பத்திரத்தின் அடிப்படையில் பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்றும் தீர்ப்பளித்தது.

தாய் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் நிலை வேறுபடுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அக்கருவுறுதல் குறித்துக் காவல்துறைக்குத் தகவல் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமையாகும். அந்தச் சட்டம் சிறுமியின் அடையாளத்தை வெளியிடுவதையும் தடை செய்கிறது என்பதால், விசாரணைக்கு அஞ்சி மருத்துவ உதவியின்றிப் பிரசவிக்கும் ஆபத்தை எந்தச் சிறுமியும் ஏற்கவேண்டியதில்லை.

நம்பிக்கை 4: அரசிடம் சென்றால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்; மறைவாக விட்டுச் செல்வதே மானத்தைக் காக்கும்.

உண்மை: நடைமுறையில் இதற்கு நேர்மாறானதே நிகழ்கிறது. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தை கிடைத்தால், அவர்களைத் தேடிக் காவல்துறை விசாரிக்கிறது; குழந்தையின் படமும் விவரங்களும் நாளிதழ்களில் வெளியிடப்படுகின்றன. குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தையைப் பற்றி அத்தகைய பொது அறிவிப்பு எதுவும் வெளியிடக்கூடாது என்று ஒழுங்குமுறை விதிக்கிறது. தத்தெடுக்கப்பட்டவர் வளர்ந்து தம் வேர்களைத் தேட விரும்பினாலும், அந்தத் தேடும் உரிமை, அவரைப் பெற்ற தாயின் தனியுரிமையை மீறக்கூடாது. ஒப்படைக்கும்போதே தம் அடையாளத்தை மறைக்குமாறு கேட்டுக்கொண்ட தாயின் விவரம், அவர் சம்மதித்தால் மட்டுமே தெரிவிக்கப்படும்.

நம்பிக்கை 5: நம்பிக்கையான ஒருவர் மூலம் குழந்தையில்லாத் தம்பதியிடம் நேரடியாகக் கொடுத்து, பிரசவச் செலவுக்குப் பணம் பெறுவதில் தவறில்லை.

உண்மை: இந்துக்களிடையே 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படி பெற்றோர் நேரடியாகத் தத்து கொடுக்கும் வழி இருந்தாலும், அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு தத்துக்காகப் பணமோ வேறு பரிசோ பெறுவதைத் தடை செய்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அக்குற்றத்தைச் செய்பவர் குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் மருத்துவமனை ஊழியராக இருப்பின் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். 2019இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கு, வறுமையிலுள்ள தாய்மார்களின் தவிப்பை இடைத்தரகர்கள் எவ்வாறு வருமானமாக்குகின்றனர் என்பதைத் தமிழகத்துக்கு உணர்த்தியது. சட்ட நடைமுறை இல்லாமல் கைமாறும் குழந்தைக்குப் புதிய குடும்பத்தில் சட்டப்படியான மகன் அல்லது மகள் என்ற நிலை கிடைப்பதில்லை. தாய்க்கும் மறுபரிசீலனைக் காலமோ, குழந்தை நலமாக இருக்கிறது என்பதற்கான உறுதியோ இருப்பதில்லை. முறையான தத்தில், குடும்பத்தின் தகுதி இல்ல ஆய்வறிக்கையின் மூலம் சோதிக்கப்படுகிறது. தத்துக்குப் பிறகு இரண்டாண்டு காலம் குழந்தையின் நலன் கண்காணிக்கப்படுகிறது.

நம்பிக்கை 6: வெளிநாட்டுத் திரைப்படங்களில் காண்பதுபோல், தாயே தத்துப் பெற்றோரைத் தேர்ந்தெடுத்து, பின்னரும் குழந்தையைப் பார்த்து வரலாம்.

உண்மை: அமெரிக்காவில் பரவலாக உள்ள இந்தத் ‘திறந்த தத்து’ முறை இந்தியாவின் பொது நடைமுறையில் இல்லை. இங்கே காரா எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்திடம் பதிவு செய்து காத்திருப்போருக்கு, மூப்பு வரிசைப்படியே குழந்தைகள் பரிந்துரைக்கப்படுகின்றனர். சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, தத்து ஆணை நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து குழந்தை எல்லா வகையிலும் தத்துப் பெற்றோரின் குழந்தையாகிறது. பிறந்த குடும்பத்துடனான சட்ட உறவு முடிவடைகிறது. உறவுக்குள்ளேயே குழந்தை வளரவேண்டும் என்று தாய் விரும்பினால், சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி, தாத்தா, பாட்டி போன்ற உறவினர் முறைப்படி தத்தெடுக்கவும் இச்சட்டம் வழிவகுக்கிறது.

நம்பிக்கை 7: வசதியில்லாத தாய்க்குத் தத்து ஒன்றே வழி, கொடுத்துவிட்டால் துயரும் மறைந்துவிடும்.

உண்மை: வறுமை மட்டுமே காரணமாக ஒரு தாய் குழந்தையைப் பிரிவது சட்டத்தின் நோக்கமே அன்று. குழந்தையின் பராமரிப்புக்காக, தகுதியுள்ள குடும்பங்களுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்கப்படுகிறது. கணவரை இழந்த அல்லது கணவரால் கைவிடப்பட்ட பெண்களின் குழந்தைகளும் இதில் அடங்குவர். மறுபுறம், கருவைத் தொடர விரும்பாத பெண்ணுக்கு, மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின்கீழ் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரிலும், குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தின் பேரிலும் கருக்கலைப்பு செய்துகொள்ள வழியுண்டு. திருமணமாகாத பெண்களுக்கும் இந்த 24 வார வரம்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. வயது வந்த பெண்ணாயின் அவருடைய சம்மதம் மட்டுமே போதும். ஆகவே, தத்து கொடுப்பது பல வழிகளுள் ஒன்றாக முன்வைக்கப்படும்போதுதான் அது தாயின் தேர்வாக அமைகிறது.

அந்தத் தேர்வை மேற்கொண்ட தாய், பால் சுரக்கும் உடலோடும் பிரிவின் வேதனையோடும் பல மாதங்களைக் கடக்கவேண்டியிருக்கும். குழந்தையின் நன்மைக்காகவே கொடுத்தோம் என்ற உறுதி இருந்தும் துக்கம் வரலாம். அது முடிவு தவறு என்பதற்கான சான்று ஆகாது. பேறுகாலத்திற்குப் பிந்தைய மருத்துவக் கவனிப்பும் மனநல ஆலோசனையும், குழந்தையை வளர்க்கும் தாயைப் போலவே அவருக்கும் உரியவை. இரக்கமற்றவள் என்று அவரைப் பழிப்பவர்களும், எல்லாவற்றையும் மறந்துவிடு என்று அவரைத் தேற்றுபவர்களும், அவருடைய துயரைச் சொல்ல இடமில்லாமல் செய்வதில் ஒன்றுபடுகின்றனர்.

முடிவெடுக்கத் தயங்கும் பெண்ணோ, அவருக்காகக் கவலைப்படும் தாயோ தமக்கையோ, முதலில் செய்யக்கூடியது தகவல் கேட்பதே ஆகும். குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 ஆகிய கட்டணமில்லா உதவி எண்கள் வழியாகவோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ நடைமுறையைக் கேட்டறியலாம். கேட்பதால் எந்தக் கடமையும் ஏற்பட்டுவிடாது. தாய்க்கு உரிய காலமும் உண்மைத் தகவலும் கிடைத்தபின் அவர் எடுக்கும் முடிவு, குழந்தையை வளர்ப்பதாயினும் கொடுப்பதாயினும், மதிப்புக்குரியதாகிறது.