பாறை அடுக்குகள் பெருவெள்ளத்தின் வேலையா?

கேள்வி: அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் உச்சிப் பாறையில்கூடக் கடற்சிப்பிகள் இருக்கின்றன. உலகை மூழ்கடித்த ஒரே வெள்ளம் ஓராண்டில் படியவிட்டதுதான் அந்த அடுக்குகள் எல்லாம் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: சிப்பிகள் இருப்பது உண்மை. உச்சியிலுள்ள கைபாப் சுண்ணாம்புக்கல், சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலின் அடியில் படிந்தது. அந்த உயரத்துக்குக் கடல் ஏறி வரவில்லை. பிற்பாடு நிலம்தான் மேலே எழும்பியது.

கொஞ்சம் கீழே இறங்கினால் வெளிர் நிறத்தில் கொக்கோனினோ மணற்கல். அதிலுள்ள சாய்ந்த வரிகள், பாலைவனத்தில் காற்று குவித்த மணல்மேடுகளின் சரிவுகள். அந்தச் சரிவுகளில் நாலுகால் பிராணிகள் நடந்த தடம் இருக்கிறது. தேள் போன்றவை ஊர்ந்த தடமும் அப்படியே பதிந்திருக்கிறது. உலகமே நீரில் மூழ்கிக் கிடந்தபோது தேள் எங்கே ஊர்ந்தது?

வெள்ளக் கதைக்குப் பெரிய சிக்கல் இன்னும் கீழே, ரெட்வால் சுண்ணாம்புக்கல்லில்தான். அதன் மேற்பகுதியில் குகைகளும் குழிகளும், ஆறு அறுத்த பழைய வாய்க்கால்களும் உள்ளன. அவற்றை நிரப்பியிருப்பது வேறொரு படிவு. அப்படியானால் முதலில் கடலில் சுண்ணாம்பு படிய வேண்டும், இறுக வேண்டும், நீருக்கு வெளியே வர வேண்டும். அதன்பின் மழைநீர் அதைக் கரைக்க வேண்டும், ஆறு அறுக்க வேண்டும். அந்தப் பள்ளங்களில் புதிய மண் வந்து நிரம்ப வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் மேலே உள்ள அடுக்குகள் வந்தன. இதையெல்லாம் வெள்ளத்துக்கு நடுவே சில மாதங்களில் முடிக்க வழியே இல்லை.

நிலவியலாளர்களுக்குப் பெருவெள்ளம் என்றாலே ஆகாது என்றும் அந்த வீடியோக்கள் குறைப்பட்டுக்கொள்ளும். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே நிலம் தாறுமாறாக அரிக்கப்பட்டிருப்பது ராட்சத வெள்ளத்தால்தான் என்று ஜே ஹார்லன் பிரெட்ஸ் 1923-இல் எழுதியபோது, சக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. பனியுகத்தில் பனிக்கட்டி அணை உடைந்து மிசூலா ஏரி பாய்ந்தோடியது பின்னர் உறுதியானது. 1979-இல் அவருக்குப் பென்ரோஸ் பதக்கமும் கிடைத்தது. ஆனால் அந்த வெள்ளம் விட்டுப்போனது தோண்டியெடுத்த பாறைப் பள்ளங்கள், வறண்ட அருவிகள், பல மீட்டர் உயரத்துக்கு அலையலையாகக் குவிந்த சரளைக்கல். கொக்கோனினோவிலோ ரெட்வாலிலோ அப்படிப்பட்ட சரளைக் குவியல் எதுவும் கிடையாது.