கவனம் தங்காத வியாபாரியும் கைச்செலவு வைத்தியமும்

தொழுகையில் மறதி ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை மதரஸாவில் ஓதிய எந்தப் பிள்ளையும் அறியும். விடுபட்டதை நிறைவு செய்து, மறதிக்கென இரண்டு ஸுஜூது செய்ய வேண்டும். நம்மில் ஷாஃபிஈகள் ஸலாம் கொடுப்பதற்கு முன்னும், ஹனஃபிகள் வலப்புறம் ஒரு ஸலாம் கொடுத்த பின்னும் அதைச் செய்வோம். மறந்தவனை ஷரீஅத்து பாவி என்று தள்ளவில்லை. அவனுக்கு ஓர் ஒழுங்கை வகுத்துக் கொடுத்தது. தொழுகையில் இதை ஏற்றுக்கொள்ளும் நாம், கடைத்தெருவில் மறதிக்காரரைக் கண்டால் மட்டும் வேறு தராசைத் தூக்குகிறோம்.

தவணை நாளை மறப்பவர், கிட்டங்கியில் இருக்கும் சரக்கையே மறுபடியும் தருவிப்பவர், ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததில் கை வைப்பவர், எதிரில் நிற்பவர் பேச்சு முடியுமுன் இடைமறிப்பவர், அந்த நேரத்து வேகத்தில் விலைபோகாத சரக்கை ஐம்பது பெட்டி எடுத்துவிடுபவர், லைசென்ஸ் காலாவதியான பின்பு ஓடிப்போய் அபராதம் கட்டுபவர் – இத்தகைய சகோதரர்கள் நம்மிடையே உண்டு. மூளை மழுங்கியவர்களும் அல்லர். பலர் பேச்சில் கெட்டிக்காரர்கள், புதுத் தொழில் தொடங்குவதில் முன் நிற்பவர்கள். ஆயினும் கடைத்தெரு இவர்களுக்கு இட்டிருக்கும் பெயர் "பொறுப்பில்லாதவன்" என்பது. இரண்டு தவணை தவறிவிட்டால் "நாணயமில்லாதவன்" என்றும் ஆகிவிடுகிறது. வியாபாரிக்கு இதைவிட நஷ்டம் வேறில்லை.

இவர்களில் சிலருக்கு இருப்பது ஒரு கோளாறு என்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பது அதன் பெயர், ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வர். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் டாக்டர் சில பிள்ளைகளிடம் கண்ட இத்தகைய குணங்களைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். நெடுங்காலம் இது பிள்ளைகளின் கோளாறென்றே கருதப்பட்டது. பெரியவர்களான பின்பும் பலரிடம் இது தொடர்கிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. வயது வந்தோரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. குடும்ப வழியில் பெரிதும் வருவது; ஆதலால் மகனைப் பள்ளிக்கூடத்தில் பரிசோதிக்கச் சொல்லும்போது வாப்பாவுக்கும் தம்மைப் பற்றிய ஐயம் எழுவது உலக வழக்கமாயிருக்கிறது.

மறதியெல்லாம் இந்த வியாதி ஆகிவிடாது. இதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்பது 2013இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் வெளியிட்ட விதி. கடையில் மட்டுமின்றி, வீட்டிலோ வேறிடத்திலோ கூட அது தெரிய வேண்டும். நாற்பத்தைந்து வயதுவரை கணக்கில் புலியாய் இருந்து சென்ற ஆண்டிலிருந்து மறக்கத் தொடங்கியவருக்கு வேறு காரணம் தேட வேண்டும்: தைராய்டு, சர்க்கரை, இரத்தக்குறைவு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு. இரவு 2 மணிக்குக் கடையடைத்து சுப்ஹுக்கு எழுகிறவருக்குக் கவனம் சிதறினால் முதலில் தூக்கத்தைச் சீராக்கிப் பார்ப்பதே முறை. உலக சுகாதார ஸ்தாபனத்தார் தயாரித்த ஆறு கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று காசில்லாமல் கிடைக்கிறது. அது ஐயத்தை உறுதியாக்க மாட்டாது; டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லும்.

இனிச் செலவுக்கு வருவோம். நம் முன்னோரில் பெரும்பாலோர் இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் அல்லர். அது கூடுமா கூடாதா என்ற கேள்வி இருந்தது. 1972இல் மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு ஆயுள் இன்சூரன்ஸ் கூடாது என்று தீர்ப்புக் கூறியது. 1984இல் தகாஃபுல் சட்டம் வந்த பிறகே மார்க்கத்திற்கு உட்பட்ட வழி திறந்தது. தகாஃபுல் கார்டு வைத்திருப்போரும் இவ்விஷயத்தில் அதை நம்பியிருக்க இயலாது. இத்தகைய கார்டுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்கே உதவும். மனநலக் கோளாறுகளை விலக்கி வைத்திருக்கும் ஒப்பந்தங்களும் பல. கையிலுள்ள ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. சொந்தத் தொழில் செய்வோருக்கான பெர்க்கெசோ திட்டமும், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையில் நேரும் விபத்துக்கும் தொழில்வழி நோய்க்குமே உரியது. கம்பெனி ஊழியருக்கு பேனல் கிளினிக் உண்டு. முதலாளி என்று பெயர் பெற்ற சில்லறைக் கடைக்காரருக்கு அதுவும் இல்லை. இது ஒரு வேடிக்கைதான்.

தனியார் மனநல நிபுணரிடம் சென்றால் முதல் சந்திப்புக்கே சில நூறு வெள்ளி ஆகும். அந்தத் தொகையைக் கேட்ட மாத்திரத்தில் "நமக்கு இது வேண்டாம்" என்று விட்டுவிடுவோரே அதிகம். ஆனால் அரசாங்க வழி ஒன்றிருக்கிறது. வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. மருந்தும் அதில் அடக்கம். அங்குள்ள டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை முதலியவை முடித்து, பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு 'ருஜுக்கான்' கடிதம் கேட்டு வாங்க வேண்டும். நிபுணர் கிளினிக்கில் கட்டணம் 5 வெள்ளி. வெளிநாட்டுச் சிப்பந்திகளுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது. அவர்களிடம் பன்மடங்கு வாங்குவர். காத்திருப்பு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆகலாம். இங்கேதான் சங்கடம்: எதை மறக்கிறோம் என்பதற்காக வைத்தியம் தேடுகிறோமோ, அந்த மறதியே குறித்த நாளைத் தவறவிட வைக்கும். ஆகவே ஆஸ்பத்திரி தந்த தேதியை வீட்டார் ஒருவரிடமும் கடைச் சிப்பந்தி ஒருவரிடமும் அன்றே ஒப்படைத்துவிட வேண்டும்.

போகும்போது பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் புத்தகம் இருந்தால் எடுத்துச் செல்க. சிறு வயதில் நம்மை அறிந்த மூத்தவர் ஒருவரோ, மனைவியோ உடன் வருவது மிக்க உதவி. டாக்டர் அவர்களிடமும் கேட்பார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதிக்கொண்டு போகவும். தனியாரிடம் செல்ல வசதியுள்ளவர் ரசீதைப் பத்திரப்படுத்தினால், மனநல ஆலோசனைக்கு வருமான வரியில் ஓரளவு கழிவு கிடைக்கும்.

மருந்து உண்டா என்றால், உண்டு. மெத்தில்ஃபெனிடேட் என்பது முதன்மையானது. 1944இல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியார் உருவாக்கியது. பலருக்கு நல்ல பலன் தருகிறது, எல்லாருக்கும் அல்ல. பசி குறையலாம், தூக்கம் கெடலாம், நாடியும் இரத்த அழுத்தமும் ஏறலாம். ஆதலால் நாற்பதைத் தாண்டிய நம் போன்றோருக்கு இருதயத்தையும் அழுத்தத்தையும் பார்த்த பின்னரே கொடுப்பர். இது மனத்தைப் பாதிக்கும் பொருள்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டது. டாக்டர் சீட்டின்றி வாங்குவதும் ஒருவர் மாத்திரையை மற்றவர் தின்பதும் குற்றமாகும். மருந்து எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. வேறு வகை மருந்துகளும், பேச்சுவழிப் பயிற்சியும் உண்டு. ஞாபகசக்தி லேகியம், கவனக் காப்பி என்று விற்கப்படும் சரக்குகளை இதற்கு ஈடாக நினைக்கலாகாது. நம் கடைகளிலேயே அவை அடுக்கில் இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

மருந்து கிடைக்கும்வரையிலும், கிடைத்த பின்னரும், கடையை நடத்த வேண்டுமே! இதற்குக் காசு அதிகம் தேவையில்லை; ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாட்டுக்கு நம் மார்க்கமே நல்ல மூலதனம் வைத்திருக்கிறது.

குர்ஆன் ஷரீபின் ஆயத்துகளிலேயே நீளமானது ஸூரத்துல் பகராவின் 282ஆவது ஆயத்து. அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதுவதில் சலிப்புக் கூடாது என்கிறது. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் இலகு செய்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடன்பட்டவர் பலவீனராகவோ, தாமே சொல்லி எழுதுவிக்க இயலாதவராகவோ இருந்தால் அவருக்காகப் பொறுப்பாளர் நீதியுடன் சொல்லட்டும் என்று அதே ஆயத்தில் வருகிறது. தன்னால் கணக்கைக் காக்க முடியவில்லையென்றால் இன்னொருவரை வைத்துக் காப்பது வெட்கமல்ல. அது சொல்லித் தரப்பட்ட முறை.

ஆகவே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். சட்டைப்பையில் ஒரு சீட்டு, சிகரெட் அட்டையில் ஒரு கணக்கு, கைபேசியில் ஒன்று என்று சிதறினால் எதையும் தேட முடியாது. வாய்ச்சொல்லாக வரும் எதுவும், சரக்கானாலும் கடனானாலும், அந்த ஆள் கடையை விட்டு இறங்குமுன் அதில் ஏற வேண்டும். பேரேட்டில் ஏற்றுவதைக் கணக்கப்பிள்ளையிடமோ மனைவியிடமோ விட்டுவிடலாம். லைசென்ஸ், கம்பெனிப் பதிவு, சிப்பந்திகளின் பெர்மிட், ஜூன் 30க்குள் தர வேண்டிய வியாபார வருமான வரிப் பாரம், ஸகாத்து நிறைவுறும் நாள் இவற்றைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி, கெடு நாளையல்ல, அதற்கு ஒரு மாதம் முந்திய நாளைக் குறிக்கவும். வேலைகளை "மாலைக்குள்" என்று வைத்துக்கொண்டால் நடக்காது. லுஹருக்கு முன் பாங்குப் பணம், அஸருக்கு முன் கொள்முதல் தொலைபேசி என்று வக்தோடு கட்டிவிட்டால் பாங்கோசையே நினைவூட்டும். இதற்கு எந்த இயந்திரமும் இத்துணை மலிவாகக் கிடைக்காது.

வேகத்தில் வாங்கிவிடும் பழக்கம் மறதியைக் காட்டிலும் ஆபத்தானது. ஹதீஸில் ஒரு செய்தி வருகிறது. ஒரு ஸஹாபிக்குத் தலையில் பட்ட காயத்தால் கொடுக்கல் வாங்கலில் பலவீனம் ஏற்பட்டு, மக்களிடம் ஏமாந்து வந்தார். அவரை வியாபாரத்திலிருந்து தடுத்துவிடுமாறு குடும்பத்தார் வேண்டினர். தம்மால் வியாபாரத்தை விட முடியாது என்றார் அவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பேரம் பேசும்போதே இதில் ஏமாற்று இல்லை என்று நிபந்தனை சொல்லிவிடுமாறு கற்றுக்கொடுத்தார்கள். மூன்று இரவுகள்வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டென்று சில அறிவிப்புகளில் இருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் இதுவே கியாருஷ் ஷர்த்து என்னும் பாடமாக நிற்கிறது. தலைக்காயம் வேறு, கவனக் கோளாறு வேறு. ஆனால் பலவீனமுள்ள வியாபாரியைக் கடையை விட்டு விரட்டாமல், அவருக்கொரு காப்பு அமைக்கப்பட்டதே, அது நமக்கு வேண்டியது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்தச் சரக்குக்கும் மூன்று நாள் தவணை கேட்பது, கூட்டாளி கையெழுத்தின்றிச் செக் செல்லாதபடி பாங்கில் எழுதி வைப்பது – இவை இன்றும் செய்யத் தக்கவை. மூன்று நாள் பொறுக்காத வியாபாரியிடம் வாங்காமல் விட்டதால் நஷ்டப்பட்டவரை நாம் கண்டதில்லை.

நினைவூட்டுகிறவர் மீது சீறி விழுவது இக்கோளாறு உள்ளவரிடம் அடிக்கடி காண்பது. நான்கு ரக்அத்துத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்ட ஒரு சமயம், துல்யதைன் என்பவர் எழுந்து கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளாமல், மற்றவர்களிடம் விசாரித்து, மீதியை நிறைவேற்றினார்கள். கடைச் சிப்பந்திக்கும் அந்த உரிமையை வாய்விட்டுக் கொடுத்துவிட வேண்டும்: "தம்பி, நான் மறந்தால் கூட்டத்தின் நடுவிலும் சொல்லலாம்" என்று. சொன்ன பிறகு முகம் சுளித்தால் அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான்.

கடைசியாக ஒரு விஷயம். மருந்து எடுப்பவர் ரமலான் பிறந்த பின்பு தாமாக வேளையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். ஒருமுறை சாப்பிட்டால் நெடுநேரம் வேலை செய்யும் வகையும் இருக்கிறது. சஹருக்கு எடுக்கலாமா, இரவு நின்று தொழுதபின் தூக்கம் வருமா, பகலில் அழுத்தம் ஏறுமா என்பதையெல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை இருப்பதை ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்ளலாம். ஷஃபான் பிறை கண்டதும் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் நாள் கேட்டு, அதையும் அந்தச் சுவரில் எழுதிவிடுங்கள்.