இணையக் கடைக்கும் விலைப் பலகை உண்டு

"மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது" என்பது பழமொழி. மரக்காணம் உப்பளத்தை நம்பி மொத்த வியாபாரம் செய்கிற எனக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். மழையை நிறுத்த நம்மால் ஆகாது. ஆனால் மழையால் சரக்கு நின்றுவிட்டதை வாடிக்கையாளருக்கு அன்றே சொல்வது நம்மால் ஆகும். அதைச் சொல்லத் தவறியதால் நான் பட்ட நஷ்டம் மற்ற வணிகர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனின் யோசனைப்படி எங்கள் கடைக்கு ஓர் இணையதளம் அமைத்தோம். அயோடின் சேர்த்த உப்புப் பொட்டலம் முதல் 50 கிலோ மூட்டை வரை அதில் ஆர்டர் கொடுக்கலாம். தொடக்கத்தில் தினமும் பார்த்தோம். பிறகு வாரம் ஒரு முறை. பிறகு மறந்தே போனோம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் பகுதி உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. குடோன் சரக்கைக் காப்பாற்றும் அவசரத்தில் இணையதளத்தை யாரும் நினைக்கவில்லை. அதில் ஐப்பசி மாத விலையும், "இரண்டு நாளில் அனுப்பப்படும்" என்ற வாசகமும் அப்படியே இருந்தன. அதை நம்பி ஓர் ஊறுகாய்த் தயாரிப்பாளர் பணம் கட்டினார். இரண்டு ஆண்டுகளாக எங்களிடமே வாங்கியவர். பத்து நாள் காத்திருந்து வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் சொன்னது இதுதான்: "மழையால் தாமதமானது தப்பில்லை ஐயா. இருப்பு இல்லை என்று ஒரு வரி போட்டிருக்கலாமே!"

திரும்பி வருபவரே லாபம்

உப்பில் கிலோவுக்குக் கிடைக்கும் லாபம் சில காசுகள்தான். சிறு பார்சலுக்குக் கூரியர் செலவு சரக்கு விலையையே மிஞ்சும். விளம்பரம் செய்து பிடித்த புது வாடிக்கையாளரின் முதல் ஆர்டரில் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர் மூன்றாவது, நான்காவது முறை வரும்போதுதான் பேரேட்டில் வரவு தெரியும்.

கடைக்கு நேரில் வருபவர் நம் முகத்தையும் அடுக்கியிருக்கும் மூட்டைகளையும் பார்க்கிறார். இணையத்தில் வருபவருக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் கடை, அதுவே முதலாளி. ஆடி மாதத்திலும் பொங்கல் தள்ளுபடி அறிவிப்பு நின்றால், கடையை மூடிவிட்டார்கள் என்றே நினைப்பார். வாசலில் உள்ள சிலேட்டுப் பலகையில் நேற்றைய விலையை அழித்து இன்றைய விலையை எழுதுகிறோம் அல்லவா? அதே வேலைதான் இதுவும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. விலையோடு தேதியும் போடுங்கள். "இந்த விலை இன்ன தேதி முதல்" என்று இருந்தால் வீண் வாக்குவாதம் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, நெய் போன்ற பல பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. உப்புக்கு வரி இல்லாததால் நான் தப்பித்தேன். மளிகைக் கடைக்காரர்களோ அன்றே பக்கம் முழுவதும் விலை மாற்ற வேண்டியிருந்தது.

2. இருப்பை மறைக்காதீர்கள். சரக்கு தீர்ந்தால் "இருப்பு இல்லை, வந்ததும் தெரிவிக்கிறோம்" என்று எழுதி, கேட்டவர்களின் எண்ணைக் குறித்து வைத்து, சரக்கு வந்ததும் சொன்னபடி தெரிவியுங்கள்.

3. பருவத்தை ஒட்டி மாற்றுங்கள். கோடையில் வடகம், வற்றல், மாவடு போடுபவர்களுக்குக் கல் உப்பு முதலில் தெரியட்டும். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடியும் முன்பே கருவாட்டு வியாபாரிகளுக்கான மூட்டை விலையைப் போட்டுவிட வேண்டும். புரட்டாசியில் "மழைக்கு முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவிப்பு அவசியம்.

4. சட்டப்படியான விவரங்கள் சரியாக இருக்கட்டும். 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பவர் பெயர் ஆகியவை பக்கத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழைய தொலைபேசி எண் நின்றால் இது எப்படி நடக்கும்?

5. சரக்கை மாற்றுங்கள், அலமாரியை மாற்றாதீர்கள். புதுமை என்று சொல்லிப் பக்கத்தின் அமைப்பையே அடிக்கடி புரட்டிப் போட்டால் பழைய வாடிக்கையாளர் திண்டாடுவார். கல் உப்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும்.

6. ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். இணைய முகவரிக்கு உரிய காலத்தில் பணம் கட்டிப் புதுப்பிப்பதும் அவர் வேலையே. தவறினால் ஒரு நாள் கடையே காணாமல் போகும்.

எங்கள் கடையில் இப்போது காலையில் சிலேட்டில் விலை எழுதும் கணக்குப்பிள்ளையே, அதே விலையை இணையதளத்திலும் மாற்றுகிறார். கால் மணி நேர வேலை. வெள்ளிக்கிழமை மாலை நானும் ஒரு வாடிக்கையாளரைப் போலக் கைபேசியில் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியும் இன்றைக்கு உண்மையா என்று பார்க்கிறேன். 2025 மழைக்காலத்துக்கு முன் அறிவிப்பைப் பார்த்துப் பழைய வாடிக்கையாளர்கள் பலர் முன்கூட்டியே மூட்டை எடுத்துக்கொண்டார்கள். சரக்கு தாமதமானபோது ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த ஊறுகாய்க்காரர் மட்டும் இன்னும் வரவில்லை. ஒரு வரி எழுதாததற்கு நான் கொடுத்த விலை அது. வணிகப் பெருமக்கள் இன்றே தங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கவும். அதில் கடைசியாக மாற்றிய தேதி எது?