பிறவிப் பிழையா, பிற்காலத்து அடியா?

காசு சேர்க்கும் வழக்கம் எனக்கு உண்டு என்பதை அறிந்த நம் சங்க அன்பர்கள், மாதம் ஒருவராவது ஒரு காசோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "சார், இது நாணயச்சாலையில் தப்பாக அடித்த காசு. லட்சக்கணக்கில் போகுமாமே?" என்பதுதான் கேள்வி. வருகிறவற்றில் பெரும்பாலானவை பிழைக் காசுகள் அல்ல, அடிபட்ட காசுகள். இரண்டையும் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடியும் சிறிது பொறுமையும் போதும்.

முதலில் காசு பிறக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். பிறகு வில்லையின் ஓரத்தைச் சற்றே உயர்த்துவார்கள். மூன்றாவதாக, அதை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் அழுத்துவார்கள். பூவும் தலையும் ஒரே நேரத்தில் பதியும். உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் வளையம் தடுக்கும். நாணயச்சாலைப் பிழை என்றால் இந்த வேலைகளில் எதிலாவது நேர்ந்திருக்க வேண்டும். ஆகவே, "இந்தக் குறை எந்தக் கட்டத்தில் வந்திருக்க முடியும்?" என்று கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் வர வழியில்லை என்றால், அது வெளியே வந்தபின் பட்ட அடி.

இனி சோதனைகள்.

1. மேடா, பள்ளமா? அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அந்த விரிசலுக்குள் புகும். காசில் அது மேடான கோடாகத் தெரியும். ஆணியோ கல்லோ கீறினால் பள்ளம்தான் விழும். பள்ளத்தின் கரையில் உலோகம் ஒதுங்கி நிற்கும். விரல் நகத்தால் தடவினாலே இது புலப்படும்.

2. ஓரம் கடிபட்டதுபோல் இருந்தால்: தகட்டில் முன்பே வெட்டிய துளையின்மேல் வெட்டுக்கருவி மறுபடி விழுந்தால் வில்லை பிறைபோல் குறையும். அப்படிப்பட்ட காசில், குறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பல சமயம் மங்கலாகப் பதிந்திருக்கும். பிறகு வெட்டிய காசில் எதிர் விளிம்பு முழுமையாக இருக்கும். வெட்டுவாயில் அரத்தின் தடம் தெரியும்.

3. எழுத்து இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருந்தால்: அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு முகத்தில் அச்சு பதியாமல் அந்தக் காசே பதியும். அப்போது ஒரே சித்திரம் ஒரு பக்கம் சரியாகவும், மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பள்ளமாகவும் இருக்கும். பட்டறையில் இரண்டு காசுகளைச் சேர்த்து நெருக்கியும் இப்படிச் செய்கிறார்கள். அதில் பழைய சித்திரத்தின் மேலேயே பள்ள எழுத்து விழுந்திருக்கும், மறுமுகமும் நசுங்கியிருக்கும்.

4. எடை: 1992இல் வந்த 25 மில்லிமீட்டர் எவர்சில்வர் ஒரு ரூபாய்க் காசு 4.85 கிராம். அதே ஆண்டில் வந்த 11 பக்க இரண்டு ரூபாய்க் காசு 6 கிராம். அமிலத்தில் கிடந்த காசு எடை குறைந்து, எழுத்தும் கரைந்து போயிருக்கும். எடை வேறுபட்டும் எழுத்து கூர்மையாக இருந்தால் ஒருவேளை வேறு வில்லையில் அடிக்கப்பட்டிருக்கலாம். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

5. திருப்பிப் பார்த்தல்: சிங்கத் தலையை நேராகப் பிடித்துக்கொண்டு, புத்தகத் தாளைப்போல் திருப்புங்கள். நம் காசுகளில் மறுபக்கமும் நிமிர்ந்து நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. முழுக்காசில் இதைச் சுத்தியலால் உண்டாக்க முடியாது.

தண்டவாளத்தில் பிள்ளைகள் வைத்து நசுக்கிய காசு நீண்டு, மெலிந்து, வழவழப்பாக இருக்கும். அது விளையாட்டுப் பொருள், பிழைக் காசு அன்று. அதுபோல் ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறியைப் பிழை என்று எண்ண வேண்டாம். சாய்சதுரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா.

இவ்வளவு விளக்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் ஓய்வூதியத்தில் வாழும் ஓர் அம்மையாரிடம், நட்சத்திரக் குறியுள்ள இரண்டு ரூபாய்க் காசுக்குப் பல லட்சம் தருவதாகத் தொலைபேசியில் ஒருவர் சொன்னார். அதற்கு முன் "பதிவுக் கட்டணம்" கட்ட வேண்டும் என்றார். அம்மையார் பணம் அனுப்பும் முன் காசை என்னிடம் காட்டியதால் தப்பினார். பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்போரிடம் ஏமாற வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. காசை வாங்க வருகிறவர் நமக்குப் பணம் தர வேண்டுமே தவிர, நம்மிடம் கேட்கக் கூடாது.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லுங்கள்: பிழைக் காசு "செய்து" பார்க்க வேண்டாம். காசை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள சில்லறையை மேசையில் கொட்டி, நான்கு நாணயச்சாலைகளின் காசுகளையும் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். சரியான காசை நன்கு பார்த்துப் பழகிய கண்ணுக்கே பிழைக் காசு பிடிபடும்.