10 நானோமீட்டர் தூரம்: ஆர்கானிக் சோலார் செல்லின் எஃபிஷியன்சியை எப்படி ஏத்தினாங்க?

எனக்கு ஊர் குலசேகரன்பட்டினம். முன்னாடி ஊர்ப் பேரைச் சொன்னா, "தசராவுக்கு என்ன வேஷம் கட்டுவ?"ன்னு கேப்பாங்க. 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோ ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினதுக்கு அப்புறம், "ராக்கெட் எப்போ விடுவாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஆனா என் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் வந்த கேள்வி வேற: "சிலிக்கான் பேனலே 20% தாண்டிடுச்சு, ஆர்கானிக் செல்லை வச்சு என்ன பண்ணப் போற?" அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலை. இப்போ சொல்றேன்.

சிக்கல் எங்கே?

சிலிக்கானில் வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் கிட்டத்தட்ட உடனே விடுபட்டுடும். கார்பன் மூலக்கூறுகளால் ஆன ஆர்கானிக் பொருளில் அப்படி இல்லை. எலக்ட்ரானும் ஹோலும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டே நகரும். இந்த ஜோடிக்குப் பேர் எக்ஸிட்டான். இதைப் பிரிக்க, டோனர், அக்செப்டர் என்ற இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லைக்கு அது வந்து சேரணும். ஆனா சுமார் 10 நானோமீட்டர் தூரத்துக்குள்ளேயே பெரும்பாலான எக்ஸிட்டான்கள் அழிஞ்சிடும். வெளிச்சத்தை நல்லா உறிஞ்சவோ, சுமார் 100 நானோமீட்டர் தடிமன் வேணும். முரண்பாடு இதுதான்.

நம்ம ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயலை நினைச்சுக்கோங்க. அறுத்த நெல்லைப் பத்து அடிக்கு மேல சுமக்க முடியாது, அதுக்குள்ள வண்டிப்பாதை வந்தாகணும். பாதை வயலோட ஓரத்தில் மட்டும் இருந்தா, ஓரத்து நெல் மட்டும்தான் வீடு வரும். 1986-ல் கோடாக் நிறுவனத்தில் சி. டபிள்யூ. டாங் வெளியிட்ட இரண்டு அடுக்கு செல் இப்படித்தான். எஃபிஷியன்சி சுமார் 1%.

1995-ல் ஆலன் ஹீகர் குழு டோனரையும் அக்செப்டரையும் ஒண்ணாக் கலந்துட்டாங்க. வயல் முழுக்கப் பாதை போட்ட மாதிரி. இதுக்குப் பேர் பல்க் ஹெட்டரோஜங்ஷன். ஆனா பாதை நடுவயலில் முடிஞ்சு போயிடக் கூடாது, எலக்ட்ரோடு வரை தொடர்ந்து போகணும். அதனாலதான் எந்தக் கரைப்பான், எவ்வளவு மெதுவா உலர்த்துறது, எவ்வளவு சூடாக்குறது என்பதெல்லாம் இதில் முக்கியம்.

மூணு எண்கள்

எஃபிஷியன்சி = ஓபன் சர்க்யூட் வோல்டேஜ் × ஷார்ட் சர்க்யூட் கரண்ட் × ஃபில் ஃபேக்டர் ÷ உள்ளே வரும் ஒளி சக்தி. ஒளி சக்தி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட். கரண்ட், அதே பரப்புக்கு மில்லி ஆம்பியரில்.

2005, பி3எச்டி–பிசிபிஎம் (மெதுவா உலர்த்தியது): 0.61 × 10.6 × 0.674 = சுமார் 4.4%
2019, பிஎம்6–ஒய்6: 0.83 × 25.3 × 0.748 = சுமார் 15.7%

எது அதிகம் மாறியிருக்கு பாருங்க. கரண்ட்! பழைய பிசிபிஎம் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே சரியா உறிஞ்சாது. ஒய்6 அகச்சிவப்பு வரை, அதாவது 900 நானோமீட்டர் தாண்டியும் உறிஞ்சும். இன்னைக்கு ஆய்வுக்கூடத்தில் இந்த வகை 20%-ஐ எட்டியிருக்கு.

நானும் சிமுலேஷனில் தடிமனைக் கூட்டிப் பார்த்தேன். உறிஞ்சுற ஒளி கூடுச்சு, ஃபில் ஃபேக்டர் விழுந்துச்சு. ஒண்ணை மட்டும் ஏத்தினா இன்னொண்ணு பழிவாங்கும்.

சரி, குலசைக்கும் இதுக்கும் என்ன?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போற ராக்கெட் இலங்கையைச் சுத்திப் போகணும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேரா தெற்கே போகலாம். இங்கிருந்து ஏவப்போற எஸ்எஸ்எல்வி சுமக்கிறது 500 கிலோதான். அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கு. 2012-ல் ஆஸ்திரிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2 மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய ஆர்கானிக் செல் செஞ்சாங்க. எஃபிஷியன்சி சுமார் 4%தான், ஆனா ஒரு கிராமுக்கு 10 வாட்! 2019-ல் ஜெர்மானியர்கள் ஸ்வீடனிலிருந்து ஏவின ஆய்வு ராக்கெட்டில் ஆர்கானிக் செல்கள் விண்வெளிக்குப் போய் மின்சாரமும் தந்துச்சு.

குறை இல்லாமல் இல்லை. ஈரமும் ஆக்ஸிஜனும் பட்டா செல் கெட்டுடும். எங்க ஊர் உப்புக்காத்தில் மூடாம வச்சா சீக்கிரமே போயிடும். விண்வெளியில் ஈரம் இல்லை, ஆனா புற ஊதாக் கதிர் இருக்கு. ஆயுள்தான் அடுத்த பெரிய வேலை.

அதனால ஜூனியர்ஸ், யாராவது "எத்தனை பெர்சென்ட்?"னு கேட்டா, "ஒரு கிராமுக்கு எத்தனை வாட், எத்தனை வருஷம்?"னும் சேர்த்துக் கேளுங்க.

வீட்டுக்கணக்கு: ஒய்6 செல்லில் ஃபில் ஃபேக்டர் மட்டும் 0.80 ஆனா எஃபிஷியன்சி எவ்வளவு? 16.8% வந்தா, உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு!