பழுதுபட்ட வால்வுக்குச் சொந்தத் திசுவே துணை



நம் இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தம் ஒரே திசையில் செல்லும்படி அவை கதவுகளைப் போலத் திறந்து மூடுகின்றன. சிறுவயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப்புண் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, இக்கதவுகளின் இதழ்களைத் தடிக்கவும் சுருங்கவும் செய்துவிடும். பின்னர் கதவு சரிவர மூடாது. இரத்தம் பின்னோக்கிக் கசியும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

பழுதான வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்துவது ஒரு வழி. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் வார்ஃபரின் மருந்து உண்ண வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு அம்மருந்து சிக்கலானது. மாடு, பன்றி ஆகியவற்றின் திசுவால் ஆன வால்வுக்கு அம்மருந்து பெரும்பாலும் நீண்டகாலம் தேவைப்படாது. எனினும் இளையோருக்கு அது விரைவில் தேய்ந்துவிடும். நம்மவரில் சிலருக்கு மனத்தயக்கமும் உண்டு.

மற்றொரு வழி, உள்ள வால்வையே சீரமைப்பது. இருதயத்தைச் சூழ்ந்த மெல்லிய உறையில் ஒரு துண்டை மருத்துவர் வெட்டியெடுத்து, குளூட்டரால்டிஹைடு கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து உறுதியாக்குகிறார். சுருங்கிய இதழோடு அதைத் தைத்து நீட்டி, வால்வைச் சுற்றி ஒரு வளையமும் பொருத்துகிறார். இத்துறைக்கு வழிகாட்டியவர் பிரான்சின் டாக்டர் கார்ப்பென்டியே. ஜப்பானின் டாக்டர் ஒஸாகி, பெருந்தமனி வால்வின் மூன்று இதழ்களையும் நோயாளியின் அதே உறையால் அமைக்கும் முறையை 2007இல் தொடங்கினார்.

கோலாலம்பூரில் 1992இல் தோன்றிய தேசிய இருதயக் கழகத்தின் (ஐ.ஜே.என்.) அறுவை மருத்துவர்கள், டாக்டர் முகமட் அஸ்ஹாரி யாக்கூப் உள்ளிட்டோர், ருமாட்டிக் நோயால் கெட்ட மிட்ரல் வால்வுகளையும் சீரமைத்து, அதன் நீண்டகாலப் பலன்களை அனைத்துலக மருத்துவ ஏடுகளில் வெளியிட்டுள்ளனர்.

எல்லா வால்வும் இதற்கு ஏற்றதன்று. சுண்ணாம்பு படிந்து மிகவும் இறுகிவிட்டால் மாற்றுவதே நலம். சீரமைத்த வால்வும் பின்னாளில் மீண்டும் பழுதாகலாம். ஆகவே காலம் கடத்தாமல், "என் வால்வைச் சீரமைக்க இயலுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்சிலோ கிள்ளானிலோ, பிள்ளைக்குக் காய்ச்சலுடன் தொண்டைவலி வந்தால் அருகிலுள்ள கிளினிக்கில் காட்டுங்கள். கொடுத்த மருந்தை முழுமையாக உட்கொள்ளச் செய்யுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்கள் மருத்துவர் குறித்த பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். இறைவன் தந்த வால்வைக் காப்பதே எல்லாச் சிகிச்சையிலும் சிறந்தது.